சிஆர்2032 எட்டே நாளில் காலி: தூங்கும் சிப் 1 மில்லிஆம்ப் குடிக்கிறது

மின்மினி

வணக்கம். தங்கை காளான் வளர்க்கிறாள். கொட்டகைக்குள் வெப்பம், ஈரப்பதம் பார்க்க ஆறு குட்டி போர்டு செய்துகொண்டிருக்கிறேன். என்ஆர்எஃப்52832 ப்ளூடூத் சிப் உள்ள மாட்யூல், ஐ2சி என்ற இரு கம்பி பஸ்ஸில் எஸ்எச்டி31 சென்சார், எஸ்பிஐ பஸ்ஸில் டபிள்யூ25கியூ வகை ஃப்ளாஷ் நினைவகம், ஒரு சிஆர்2032 காயின் செல். அவ்வளவுதான். ரெகுலேட்டர் எதுவும் இல்லை. பேட்டரி நேராக சிப்புக்குப் போகிறது. 5 விநாடிக்கு ஒருமுறை ப்ளூடூத் பீக்கன், 10 நிமிடத்துக்கு ஒருமுறை சென்சார் அளவு, மணிக்கு ஒருமுறை ஃப்ளாஷில் பதிவு. மீதி நேரமெல்லாம் தூக்கம்.

டேட்டாஷீட்டில், ஆர்டிசி (நேரம் எண்ணும் மெதுவான கடிகாரம்) ஓட, ராம் முழுவதும் நினைவில் இருக்க, 1.9 மைக்ரோஆம்ப் என்று போட்டிருக்கிறது. ரேடியோவையும் மற்றதையும் தாராளமாகச் சேர்த்து சராசரி 15 என்று வைத்தேன். 220 மில்லிஆம்ப்-மணி பேட்டரிக்கு ஒன்றரை வருடம் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். முதல் போர்டு எட்டாம் நாள் செத்தது. பேட்டரி மட்டம் என்று நினைத்து வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அதுவும் எட்டு நாள்தான்.

மேசையில் வைத்து அளந்தால் 2.6 மில்லிஆம்ப் காட்டுகிறது. எட்டு நாளில் தீர்ந்த கணக்கோடு அதுவும் பொருந்தவில்லை. எங்கே தொடங்குவது?

ஒற்றைச்சுருள்

மூன்று கேள்விகள்.

அளக்கும்போது டீபக்கர் (ப்ரோக்ராம் ஏற்றி, பிழை பார்க்கும் கருவி) கேபிள் மாட்டியிருந்ததா? இல்லை, கழற்றிவிட்டேன் என்று சொன்னாலும் போதாது. ப்ரோக்ராம் ஏற்றியபின் இந்த சிப் டீபக் நிலையிலேயே நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான், அல்லது பின் ரீசெட் கொடுத்தால்தான் வெளியே வரும். அதுவரை அளப்பதெல்லாம் பொய்க் கணக்கு.

யுஆர்ட் (சீரியல் கம்பி) வழியாக லாக் ஓடுகிறதா? ஓடினால் கேட்கும் பக்கமான ஆர்எக்ஸும் திறந்திருக்கிறதா?

அப்புறம், எந்த மீட்டர், எந்த ரேஞ்ச்?

பாதிஓம்

இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் இரண்டு ஏஏ செல் போட்டுவிட்டால் என்ன? 2000 மில்லிஆம்ப்-மணிக்கு மேல் கிடைக்கும். கொட்டகையில் இடமா இல்லை?

மின்மினி

@பாதிஓம்: 1 மில்லிஆம்ப் போனால் ஏஏ போட்டாலும் மூன்று மாதம்கூடத் தாங்காது. ஆறு போர்டுக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தங்கை என்னைத்தான் கூப்பிடுவாள்.

@ஒற்றைச்சுருள்: பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். 1.12 மில்லிஆம்ப்! 220ஐ 1.12 ஆல் வகுத்தால் 196 மணி, அதாவது எட்டு நாள். கணக்கு ஒத்துப்போகிறது. ஆக, போர்டு நிஜமாகவே இவ்வளவு குடிக்கிறது.

யுஆர்ட் ஓடுகிறது, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டும். ஆர்எக்ஸ் பின்னில் எதுவும் மாட்டியில்லை.

மீட்டர் சாதாரண டிஜிட்டல் மீட்டர்தான். 2 மில்லிஆம்ப் ரேஞ்சில் ஓடுகிறது. 200 மைக்ரோஆம்ப் ரேஞ்சுக்குத் திருப்பினால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

ஈயப்பற்று

தம்பி, அந்த ரீசெட்டை முதலில் சரி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் போகப் போக ஒன்றும் புரியாது.

இந்த வகை மீட்டரில் 200 மைக்ரோஆம்ப் ரேஞ்சுக்குள் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் குறுக்கே விழும் மில்லிவோல்ட்டைத்தான் மீட்டர் உங்களுக்கு கரண்ட் என்று காட்டுகிறது. தூங்கும்போது 10 மைக்ரோஆம்ப் போனால் 10 மில்லிவோல்ட்தான் விழும், யாருக்கும் தெரியாது. ஆனால் ரேடியோ எழுந்து 5 மில்லிஆம்ப் கேட்டால் 5 வோல்ட் விழ வேண்டும். உங்களிடம் இருப்பதே 3. சிப் விழுந்து எழுந்து விழும்.

செலவில்லாத வழி: மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4148 டையோடு, கரண்ட் போகும் திசையில். மீட்டருக்கு அப்பால், போர்டு பக்கம், 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பீக்கனுக்கு வேண்டிய சிறு துடிப்பைக் கெப்பாசிட்டரே கொடுத்துவிடும். பூட் ஆகும்போது வரும் பெரிய கரண்ட் டையோடு வழியாகப் போய்விடும். தூக்கத்தில் டையோடின் குறுக்கே சில மில்லிவோல்ட்தான் இருக்கும் என்பதால் அது இருப்பதே தெரியாது.

சிலர் ஷாட்கி டையோடு போடச் சொல்வார்கள், குறைவாக விழும் என்று. போடாதீர்கள். பெரிய ஷாட்கிக்கு அந்தச் சில மில்லிவோல்ட்டிலேயே கசிவு ஆரம்பித்துவிடும். நீங்கள் தேடும் மைக்ரோஆம்பை அதுவே பங்கு போட்டுக்கொள்ளும். இந்த இடத்துக்குப் பழைய சிலிக்கான்தான் சரி.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் கொஞ்சம் கசியும். போர்டு இல்லாமல் கெப்பாசிட்டரை மட்டும் பத்து நிமிடம் மாட்டி வைத்து எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மின்மினி

டையோடு வித்தை வேலை செய்கிறது ஐயா! ரீசெட் நின்றுவிட்டது. கெப்பாசிட்டர் மட்டும் 0.8 மைக்ரோஆம்ப் காட்டியது, இனி சொல்வதெல்லாம் அதைக் கழித்த பிறகு.

யுஆர்ட் லாகைக் கோடில் மொத்தமாக மூடினேன். 1.12 மில்லிஆம்பில் இருந்து 563 மைக்ரோஆம்பாக இறங்கிவிட்டது. பாதி! ஒரு எழுத்துகூட அனுப்பாமல் சும்மா இருக்கும் யுஆர்ட்டுக்கா இவ்வளவு?

அகல்விளக்கு

சும்மா இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆர்எக்ஸ் திறந்திருந்தால் அடுத்த பிட் எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பிட்டின் நடுவையும் சரியாகப் பிடிக்க வேகமான கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த சிப்பில் ஒரு பெரிஃபெரல் (யுஆர்ட் போன்ற துணைப் பகுதி) வேகக் கடிகாரம் வேண்டும் என்று கேட்டால், சிபியூ தூங்கினாலும் கடிகாரம் தூங்காது. நீங்கள் எழுதிய தூக்கக் கட்டளை சிபியூவுக்குத்தான் போகிறது. வீட்டுக்காரர் படுத்துவிட்டார், கூடத்து விளக்கையும் மின்விசிறியையும் அணைக்க ஆள் இல்லை.

இது இந்த ஒரு சிப்பின் குணமும் இல்லை. சிசி2650 என்ற வேறொரு சிப் குடும்பத்தில் ஸ்டாண்ட்பை 1 மைக்ரோஆம்ப் என்று போட்டிருப்பார்கள். ஆனால் யுஆர்ட் ட்ரைவரில் ஒரு ரீட் நிலுவையில் இருந்தால், அந்த ட்ரைவரே ஸ்டாண்ட்பைக்குப் போகாதே என்று தடை போட்டுவிடும். கேட்பதாகச் சொல்லிவிட்டு எப்படித் தூங்குவது? அது செய்வது சரிதான். நாம்தான் ரீடைத் திறந்து வைத்ததை மறந்துவிடுகிறோம்.

லாக் வேண்டுமென்றால் டீபக்கர் வழியாகப் படிக்கும் ஆர்டிடிக்கு மாறுங்கள். அது ராமில் எழுதிவிட்டுப் போய்விடும், கடிகாரம் எதையும் பிடித்து வைக்காது. யுஆர்ட்தான் வேண்டுமென்றால் டிஎக்ஸ் மட்டும் திறந்து, வரி முடிந்ததும் மூடுங்கள்.

இப்போது மீதி 563. இதில் 400 ஒட்டிய ஒரு துண்டு இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இந்த சிப்பின் பிழைப்பட்டியலில் 89ஆம் எண்ணைப் பாருங்கள். ஜிபிஐஓடிஇ (பின்னில் வரும் மாற்றத்தைக் கவனிக்கும் பகுதி) ஈவென்ட் முறையில் இருந்து, கூடவே டிஎம்ஏ (சிபியூ இல்லாமலே ராமுக்குத் தரவு மாற்றும் வசதி) உள்ள ஐ2சி அல்லது எஸ்பிஐயையும் பயன்படுத்தினால் 400 முதல் 450 மைக்ரோஆம்ப் நிலையாகப் போகும். தயாரித்தவர்களே எழுதி, மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்: வேலை முடிந்து பெரிஃபெரலை மூடியதும், அதன் முகவரிப் பரப்பின் கடைசியில் உள்ள பவர் ரெஜிஸ்டரில் 0 எழுதி, பிறகு 1 எழுத வேண்டும். உங்கள் போர்டில் ஐ2சியும் இருக்கிறது, எஸ்பிஐயும் இருக்கிறது. ஜிபிஐஓடிஇ இருக்கிறதா?

மின்மினி

இருக்கிறது அக்கா! பின்னால் ஒரு பட்டன் வைக்கலாம் என்று போர்டில் ஒரு பேட் விட்டிருக்கிறேன், அதற்காக முன்பே கோடில் எழுதி வைத்தது. இதோ முயற்சி செய்கிறேன்.

மின்மினி

563ல் இருந்து 561. இரண்டே இரண்டு. ரெஜிஸ்டர் முகவரி சரிதானா என்று மூன்று முறை பார்த்துவிட்டேன்.

ஜிபிஐஓடிஇயை முழுவதுமாக நீக்கியும் பார்த்தேன். அதே 560 சொச்சம்.

அகல்விளக்கு

பந்தயம் தோற்றேன். அந்த இரண்டு வரி இருக்கட்டும், எடுக்க வேண்டாம். பட்டன் வரும்போது தேவைப்படும். ஆனால் உங்கள் திருடன் வேறு ஆள்.

எஃப்பியூ (தசமக் கணக்குப் போடும் பகுதி) பயன்படுத்துகிறீர்களா? 87ஆம் எண்ணில் ஒன்று இருக்கிறது. ஃப்ளோட் கணக்கு போட்ட பிறகு எஃப்பியூ இன்டரப்ட் நிலுவையில் நின்றால், தூங்கப் போன சிபியூ உடனே எழுந்துவிடும். ஆனால் அப்படி இருந்தால் 500 இல்லை, மில்லிஆம்ப் கணக்கில் காட்டும். 64 மெகாஹெர்ட்ஸில் சிபியூ ஓடினாலே சில மில்லிஆம்ப். எனவே அதுவும் இல்லை.

ஈயப்பற்று

எண்ணைப் பார்த்து நோயைச் சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு அம்மா, பல முறை சூடு பட்டிருக்கிறேன். 400, 500 என்று எத்தனையோ வழியில் வரும்.

தம்பி, சர்க்யூட்டைச் சொல்லுங்கள். சென்சாரின் பவர் எங்கிருந்து வருகிறது? ஐ2சி புல்-அப் (கம்பியை ஹைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) எவ்வளவு, எதில் கட்டியிருக்கிறீர்கள்?

மின்மினி

கரண்டை மிச்சம் பிடிக்க சென்சாரின் பவரை சிப்பின் ஒரு ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) பின்னில் இருந்து கொடுக்கிறேன். அளக்கும்போது மட்டும் பின்னை ஹை ஆக்கி, முடிந்ததும் லோ. எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு ஐ2சி கம்பிக்கும் 10 கிலோஓம் புல்-அப், நேராகப் பேட்டரி 3 வோல்ட்டில்.

ஈயப்பற்று

கிடைத்துவிட்டான்.

போர்டு தூங்கும்போது எஸ்டிஏ கம்பியில் எவ்வளவு வோல்ட் என்று அளந்து சொல்லுங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டும். இருக்காது. 0.6 சுமாருக்கு இருக்கும்.

காரணம் இதுதான். சென்சார் சிப்பின் ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளே ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கிறது, பின்னில் இருந்து அந்த சிப்பின் பவர் கம்பிக்கு. பின்னின் வோல்டேஜ் பவரைவிட மேலே போனால் அது திறந்து, அதிகப்படியைப் பவர் கம்பியில் கொட்டிவிடும். எஸ்எச்டி31 டேட்டாஷீட்டின் அதிகபட்ச அளவுப் பட்டியலைப் பாருங்கள். பின்னில் பவரைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது என்று இருக்கும். அந்த வரி இந்த டையோடைத்தான் சொல்கிறது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சென்சாரின் பவர் கம்பியை ஜிபிஐஓ வழியாகத் தரையில் இழுத்துக் கட்டிவிட்டு, புல்-அப்பை மட்டும் 3 வோல்ட்டில் விட்டிருக்கிறீர்கள். கரண்ட் பேட்டரியில் இருந்து புல்-அப் வழியாக இறங்கி, சென்சாரின் டையோடுக்குள் புகுந்து, அதன் பவர் பின் வழியே வெளியே வந்து, உங்கள் ஜிபிஐஓவுக்குள் விழுந்து தரைக்குப் போகிறது. 3ல் 0.6 கழித்து 2.4 வோல்ட். 10 கிலோஓமுக்கு 240 மைக்ரோஆம்ப். இரண்டு கம்பி. 480.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஸ்எச்டி31க்குப் பவரைத் துண்டிக்கவே தேவையில்லை. ஒற்றை அளவு முறையில் அளந்து முடித்ததும் அதுவாகவே தூங்கிவிடும், 0.2 மைக்ரோஆம்ப். அந்த 0.2ஐ மிச்சம் பிடிக்கப் போய் 480ஐக் கொட்டியிருக்கிறீர்கள்.

ஒற்றைச்சுருள்

ஒரு சந்தேகம். லோ ஆக்காமல் பின்னை மிதக்க விட்டால் சரியாகிவிடுமா?

ஈயப்பற்று

கரண்ட் குறையும், வேறு வம்பு வரும். அப்போது சென்சாரின் பவர் கம்பி டையோடு வழியாக 2.4 வோல்ட் வரை ஏறி நிற்கும். சிப் செத்ததும் இல்லை, உயிரோடும் இல்லை. அடுத்த முறை பவர் கொடுக்கும்போது சுத்தமாக ரீசெட் ஆகாமல் பஸ்ஸைப் பிடித்துத் தொங்கும். பத்து தடவையில் ஒன்பது தடவை சரியாக ஓடும், அதுதான் கொடுமை.

நிஜமாகவே பவரைத் துண்டிக்க வேண்டிய சென்சார் என்றால் விதி ஒன்றுதான்: புல்-அப்பும் அதே துண்டிக்கப்படும் பவரில் இருந்து வர வேண்டும். துண்டிக்கும் முன் ஐ2சியை மூடி, அந்தப் பின்களின் உள்-புல்-அப்பையும் எடுத்துவிட வேண்டும். எஸ்பிஐ ஆனால் சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கம்பி), க்ளாக், டேட்டா எல்லாவற்றையும் லோ ஆக்கிவிட்டுத்தான் பவரை எடுக்க வேண்டும்; ஒரு கம்பி ஹையில் நின்றாலும் அதன் வழியே சிப்புக்குச் சோறு போகும்.

மண் ஈரம் பார்க்கும் கெப்பாசிட்டிவ் சென்சார் போன்றவற்றுக்கு இது கட்டாயம். அதற்குள் 555 டைமர் ஓடிக்கொண்டே இருக்கும், தூக்கம் என்ற பேச்சே கிடையாது. அங்கே துண்டித்துத்தான் ஆக வேண்டும். எதைத் துண்டிக்கலாம், எதைத் தூங்க விடலாம் என்று டேட்டாஷீட்டில் தூக்கக் கரண்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

மின்மினி

எஸ்டிஏ: 0.58 வோல்ட். எஸ்சிஎல்: 0.58.

கோடில் ஒரு வரி மாற்றினேன், சென்சார் பவர் பின் எப்போதும் ஹை. 82 மைக்ரோஆம்ப்! இரண்டு வாரமாக இந்த "பவர் மிச்சம்" வசதியை நினைத்து எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. 82 என்று நிலையாக நிற்கவில்லை. 40க்கும் 90க்கும் நடுவே அலைகிறது. கையை போர்டின் அருகே கொண்டுபோனால் ஆடுகிறது.

அகல்விளக்கு

கையைப் பார்த்து ஆடினால் மிதக்கும் பின். அந்தப் பட்டன் பேட்தான். இன்புட்டாகத் திறந்து வைத்து, புல்-அப்பும் இல்லாமல், பட்டனும் இல்லாமல் விட்டிருக்கிறீர்கள், சரியா?

இன்புட் பஃபரில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர். பின் ஹை அல்லது லோவில் உறுதியாக இருந்தால் இரண்டில் ஒன்று மூடியிருக்கும், கரண்ட் போகாது. நடுவோல்ட்டில் மிதந்தால் இரண்டும் அரைகுறையாகத் திறந்து, பவரில் இருந்து தரைக்கு நேராக ஒழுகும். கை பக்கத்தில் வந்தால் வோல்டேஜ் நகரும், ஒழுகலும் மாறும்.

இந்த சிப்பில் ரீசெட் ஆனதும் எல்லாப் பின்னின் இன்புட் பஃபரும் துண்டித்தே இருக்கும். நீங்கள் தொடாத பின் உங்களைத் தொந்தரவு செய்யாது. எஸ்டிஎம்32 வகை சிப்பில் பயன்படாத பின்னை அனலாக் முறைக்கு மாற்றச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். பட்டன் வரும்வரை அந்த வரியை எடுத்துவிடுங்கள். வந்த பிறகு ஜிபிஐஓடிஇ சேனலுக்குப் பதில் போர்ட் ஈவென்ட் எழுதுங்கள்; அதற்குக் கடிகாரமே வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உள்-புல்-அப் இங்கே 13 கிலோஓம். பட்டன் அழுத்தும் நொடிக்கு 230 மைக்ரோஆம்ப் போனால் பரவாயில்லை. கதவில் வைக்கும் காந்த ஸ்விட்ச் மூடியே கிடந்தால் அந்த 230 நாள் முழுக்கப் போகும். அதற்கு வெளியே 1 மெகாஓம் போடுங்கள்.

வெள்ளாட்டுக்குட்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் புதுசு. ஈஎஸ்பி32 டெவ் போர்டில் டீப் ஸ்லீப் போட்டேன். டேட்டாஷீட்டில் 10 மைக்ரோஆம்ப், எனக்கு 11 மில்லிஆம்ப். யுஆர்ட், வைஃபை எல்லாம் நின்றுவிட்டது. இங்கே சொன்ன எதுவும் பொருந்தவில்லையே?

ஒற்றைச்சுருள்

உங்கள் சிப் ஒழுங்காகத்தான் தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை. போர்டில் 1117 என்று முடியும் ரெகுலேட்டர் இருக்கிறதா பாருங்கள். ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கவே 5 மில்லிஆம்ப் கேட்கும். அதன் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. அப்புறம் யுஎஸ்பி-சீரியல் சிப், சிவப்பு எல்இடி. மூன்றையும் சேர்த்தால் உங்கள் கணக்கு வந்துவிடும். பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் வெறும் மாட்யூலும், 1.6 மைக்ரோஆம்பில் இருக்கும் எம்சிபி1700 போன்ற ரெகுலேட்டரும் வாங்குங்கள்.

உங்களுடையது வ்ரோவர் மாட்யூல் என்றால் இன்னொன்று: ஜிபிஐஓ12க்கு வெளியே புல்-அப், சிப்புக்குள் புல்-டவுன். தூக்கத்திலும் இரண்டும் இழுத்துக்கொண்டிருக்கும். தூங்கும் முன் அந்தப் பின்னைத் தனிமைப்படுத்தும் ஃபங்க்ஷன் ஒன்று இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள்.

வெள்ளாட்டுக்குட்டி

1117 இருக்கிறது. நன்றி அண்ணா. இதே போர்டில் எஸ்எக்ஸ்1276 லோரா மாட்யூலும் மாட்டப்போகிறேன். அதற்கு ஏதாவது?

ஒற்றைச்சுருள்

மெயின் சிப் தூங்கினால் ரேடியோவும் தூங்கும் என்று நினைக்காதீர்கள். அது தனி சிப். பாக்கெட் அனுப்பி முடித்ததும் ஸ்டாண்ட்பைக்கு வந்து நிற்கும், அங்கே 1.6 மில்லிஆம்ப். ஸ்லீப் கட்டளை கொடுத்தால் 0.2 மைக்ரோஆம்ப். எட்டாயிரம் மடங்கு. டீப் ஸ்லீப்பில் ஈஎஸ்பி32 பின்கள் மிதக்கும் என்பதால் ரேடியோவின் என்எஸ்எஸ் (சிஎஸ் போன்றது) பின்னை ஹையில் பிடித்து வைக்க வேண்டும், அல்லது வெளியே ஒரு புல்-அப். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே காளான் கெட்டுவிடும்.

மின்மினி

பட்டன் வரியை எடுத்தேன். கை ஆட்டம் நின்றது. 31 மைக்ரோஆம்ப், அசையாமல்.

அடுத்தது ஃப்ளாஷ் என்று நினைக்கிறேன். ஸ்டாண்ட்பை 10 சொச்சம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. பவர்-டவுன் கட்டளை ஹெக்ஸ் பி9 அனுப்பினேன். 18.4க்கு வந்தது. ஆனால் கோடை மாற்றி ரீசெட் செய்தால் ஃப்ளாஷ் இல்லை என்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் திரும்பி வருகிறது.

அகல்விளக்கு

சிப் ரீசெட் ஆனது, ஃப்ளாஷ் ஆகவில்லை. அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. பவர்-டவுனில் இருக்கும்போது ஏபி என்ற எழுப்பும் கட்டளையைத் தவிர வேறு எதையும் காதில் வாங்காது, ஐடி கேட்டாலும் பதில் வராது. பூட் ஆனதும் முதல் வேலையாக ஏபி அனுப்பி, சில மைக்ரோவிநாடி பொறுத்து, பிறகு ஐடி கேளுங்கள். விழித்திருக்கும் ஃப்ளாஷுக்கு ஏபி அனுப்பினால் கெடுதல் ஒன்றும் இல்லை.

எஸ்பிஐ மூடிய பிறகு சிஎஸ் பின் ஹையிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். பெரிஃபெரல் மூடினால் பின் ஜிபிஐஓ அமைப்புக்குத் திரும்பிவிடும். அங்கே என்ன எழுதி வைத்தீர்களோ அதுதான் நடக்கும்.

மீதி 18ல் 15 எங்கே என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இந்த முறை பந்தயம் கட்டவில்லை. பேட்டரி வோல்டேஜ் எப்படி அளக்கிறீர்கள்?

மின்மினி

100 கிலோஓம், 100 கிலோஓம் டிவைடர், நடுவில் இருந்து ஏடிசிக்கு (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி). 3 வோல்ட், 200 கிலோஓம்... 15 மைக்ரோஆம்ப். அக்கா, பந்தயம் கட்டியிருக்கலாம்.

1 மெகாஓம் இரண்டு போட்டு, நடுவில் 100 நானோஃபேரட் வைத்தால் 1.5க்கு வரும். சரியா?

அகல்விளக்கு

சரிதான், ஆனால் எதற்கு? உங்களுக்கு ரெகுலேட்டரே இல்லை, பேட்டரிதான் சிப்பின் பவர். இந்த சிப்பின் ஏடிசி தன் சொந்தப் பவர் வோல்டேஜையே உள்ளுக்குள் அளக்கும். இன்புட்டாக விடிடியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு ரெசிஸ்டரையும் பிடுங்கிப் போடுங்கள். லித்தியம்-அயன் வைத்து நடுவில் ரெகுலேட்டர் போட்டவர்களுக்குத்தான் டிவைடர்.

ஏடிசியை அளந்து முடித்ததும் நிறுத்தி, மூடவும் வேண்டும். நிறுத்தாமல் மூடினாலோ, மூடாமல் விட்டாலோ மறுபடி இதே இழைக்கு வருவீர்கள். அளக்கும் நேரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: பீக்கன் போன உடனே அளந்தால் செல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரியும். ஓய்வில் இருக்கும் காயின் செல் கடைசி வாரம் வரை 3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே காட்டி ஏமாற்றும்.

மின்மினி

3.4 மைக்ரோஆம்ப்.

நம்பாமல் மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். 3.4. சிப்புக்கு 1.9, ஃப்ளாஷுக்கு 1, சென்சாருக்கு 0.2; மீதி 0.3ஐப் பேட்டரியே வைத்துக்கொள்ளட்டும்.

வேலை செய்யும் இடத்தில் பவர் ப்ரொஃபைலர் (கரண்டைத் தொடர்ந்து பதியும் கருவி) ஒன்று கடன் வாங்கி, பீக்கனோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். சராசரி 6.1. கணக்குப்படி நாலு வருடம்.

பாதிஓம்

ஏஏ போடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நாலு வருடத்தை நம்ப வேண்டாம். சிஆர்2032 பழசாக ஆக உள்தடை ஏறும். 5 மில்லிஆம்ப் துடிப்புக்கு வோல்டேஜ் சரிந்து, உள்ளே மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே ஃப்ளாஷ் 2.7க்குக் கீழே போய் மக்கர் செய்யும். செல்லுக்குப் பக்கத்தில் பெரிய செராமிக் கெப்பாசிட்டர் போடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், நீங்களே பார்த்தீர்களே, 0.8 கசிகிறது. உங்கள் சென்சார் பட்ஜெட்டைவிட அது அதிகம். சிப்புக்குள் இருக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டரையும் (வோல்டேஜை வீணாக்காமல் இறக்கும் பகுதி) இயக்கிவிடுங்கள், மாட்யூலில் அதற்கான காயில்கள் இருந்தால் மட்டும். ரேடியோவின் துடிப்பு நன்றாகவே குறையும்.

மின்மினி

காயில்கள் இருக்கின்றன, இயக்கிவிட்டேன். சராசரி 6.1ல் இருந்து 4.9. செராமிக்கும் போடுகிறேன். நாலு வருடம் என்பதை தங்கையிடம் இரண்டு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆறு போர்டும் சாலிடர் செய்து முடித்தேன். ஒரே ஃபர்ம்வேர். 3.4, 3.3, 3.4, 3.6, 9.2, 3.4. ஐந்தாவதுக்கு மட்டும் என்ன கோபம்?

ஈயப்பற்று

ஐந்தாவதில் கையால் ஏதாவது திருத்தினீர்களா? சாலிடர் ஃப்ளக்ஸ் படிந்திருக்கும், அதன் வழியே கரண்ட் கசியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்து, குறிப்பாகப் பேட்டரி ஹோல்டர் கால்களைச் சுற்றித் தேய்த்து, நன்றாகக் காய வைத்து அளங்கள்.

மின்மினி

ஆமாம் ஐயா, ஹோல்டரைத் தலைகீழாக வைத்துவிட்டு மாற்றி ஒட்டினேன். கழுவிக் காய வைத்தபின் 3.5.

தங்கை காளான் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். யாருக்கு வேண்டும்?

ஈயப்பற்று

எங்கள் வீட்டில் காளானை யாரும் தொடமாட்டார்கள், ஒற்றைச்சுருளுக்கு அனுப்புங்கள். ஆனால் கொட்டகையில் எப்போதும் ஈரம் அல்லவா? ஐந்தாவது போர்டை ஒரு மாதம் அங்கே தொங்கவிட்டு, மறுபடி அளந்து எண்ணை இங்கே போடுங்கள்.